விலைப்பட்டியலும் ஒரு கணக்குப் புத்தகமே

உணவகம் நடத்துவோர் கணக்குப் புத்தகத்துக்குக் கொடுக்கும் மரியாதையை விலைப்பட்டியலுக்குக் கொடுப்பதில்லை. கணக்குப் புத்தகம் பூட்டிய அலமாரியில் இருக்கும். அதில் ஓர் அடித்தல் திருத்தல் தென்பட்டால் முதலாளி காரணம் கேட்பார். விலைப்பட்டியலோ யாருடைய மடிக்கணினியிலோ, ‘புதியது’, ‘புதியது 2’, ‘கடைசி’ என்று ஏதோ ஒரு பெயரில் கிடக்கும். அதை யார் திருத்தினார், எப்போது திருத்தினார் என்று கேட்பாரில்லை. இந்தப் பாகுபாடு ஒரு காலத்தில் பொருத்தமாக இருந்திருக்கலாம். இன்று அது பொருந்தாது, அதனால் பண இழப்பும் மன வருத்தமும் விளைகின்றன என்பதே என் கருத்து.

முன்பு ஓர் உணவகத்தில் விலை மூன்று இடங்களில் வாழ்ந்தது: சுவரில் மாட்டிய பலகையில், பரிமாறுபவரின் நினைவில், கல்லாவில் அமர்ந்திருப்பவரின் நாவில். பலகையில் பிழை இருந்தால் பரிமாறுபவர் திருத்துவார். அவர் தவறினால் கல்லாவில் இருப்பவர் திருத்துவார். இடையில் மனிதர்கள் நின்றதால் ஒரு பிழை நெடுந்தூரம் போக முடியவில்லை. இன்று விலை பில்லிங் மென்பொருளுக்குள் ஓரிடத்தில் மட்டுமே இருக்கிறது. அங்கிருந்து வாடிக்கையாளரின் ரசீதுக்கும், சமையலறைச் சீட்டுக்கும், மேசையில் ஒட்டிய க்யூஆர் மெனுவுக்கும், யுபிஐ திரையில் தோன்றும் தொகைக்கும், வீட்டுக்கு உணவு கொண்டுசெல்லும் தளங்களுக்கும் அது பாய்கிறது.

அந்த விலை மென்பொருளுக்குள் எப்படிப் போகிறது? இருநூறு, முந்நூறு பதார்த்தங்களை ஒவ்வொன்றாகத் திரையில் பதிய யாருக்கும் நேரம் இல்லை. ஆகவே மென்பொருள் நிறுவனம் ஒரு மாதிரி விரிதாளைத் தருகிறது. பெயர், பிரிவு, அளவு, விலை, வரி விகிதம், சைவமா அசைவமா என்று நெடுவரிசைகள் இருக்கும். அதை எக்செல்லில் நிரப்பி ஒரே சொடுக்கில் ஏற்றிவிடலாம். நல்ல வசதிதான், நான் அதற்கு எதிரி அல்லன். ஆனால் ஒரே சொடுக்கில் முந்நூறு விலைகள் சரியாக ஏறுவதைப் போலவே, ஒரே சொடுக்கில் முந்நூறு விலைகள் தவறாகவும் ஏறும்.

ஓசையற்ற பிழைகள்

விரிதாளின் பிழைகள் பெரும்பாலும் எச்சரிக்கை தருவதில்லை. தில்லியின் தாபாவானாலும் ஐதராபாத்தின் பிரியாணிக் கடையானாலும் அரை, முழு என்று இரண்டு அளவு வைத்திருப்பார்கள். அரை அளவைக் குறிக்க 1/2 என்று தட்டச்சு செய்தால், நம் நாட்டுத் தேதி அமைப்புள்ள கணினியில் எக்செல் அதைப் பிப்ரவரி முதல் தேதியாக மாற்றிவிடும். கால் அளவுக்கு 1/4 என்றால் ஏப்ரல் முதல் தேதி. இதைச் சிறுபிள்ளைத்தனமான தொல்லை என்று எண்ண வேண்டாம். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் உலகக் குழுவே இதற்குத் தோற்றது. ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்ற மரபணுக் குறிகளை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ஆம் ஆண்டில் அந்தக் குறிகளையே ‘மார்ச்எஃப்1’, ‘செப்டின்1’ என்று மாற்றி அமைத்தார்கள்.

கல்லாவில் இருப்பவர் மனப்பாடமாக வைத்திருக்கும் குறுங்குறி 012 என்றால், எக்செல் முன்னால் உள்ள பூச்சியத்தை நீக்கி 12 ஆக்கிவிடும். பாட்டில் பானங்களின் 13 இலக்கப் பட்டைக் குறியீட்டைச் சுருக்க வடிவில் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் திரும்பி வாரா. ‘ஜிஎஸ்டி 5’ என்று எழுதிய கட்டத்தைக் கீழே இழுத்தால், அடுத்த கட்டம் ‘ஜிஎஸ்டி 6’ ஆகும், அதற்கடுத்தது ‘ஜிஎஸ்டி 7’ ஆகும். பதார்த்தத்தின் பெயருக்குள் ஒரு காற்புள்ளி இருந்து அது மேற்கோள் குறிக்குள் அடங்காவிட்டால், அந்த வரிசையில் விலை வரியின் இடத்துக்கும் வரி அடுத்த இடத்துக்கும் நகரும். தமிழிலோ இந்தியிலோ பெயர் எழுதியிருந்து, யுடிஎஃப்-8 வடிவத்தைத் தேர்ந்தெடுக்காமல் சேமித்தால், பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறும்.

எல்லாவற்றிலும் கொடியது வரிசைப்படுத்தும் பிழை. பெயர் உள்ள நெடுவரிசையை மட்டும் தேர்ந்து அகரவரிசைப்படுத்த முயன்றால், அடுத்துள்ள தகவல்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்பதைச் சொடுக்கினால் பெயர்கள் இடம் மாறும். விலைகள் இருந்த இடத்திலேயே நிற்கும். பன்னீர் பட்டர் மசாலாவுக்கு இட்லியின் விலையும், காப்பிக்கு நெய் ரோஸ்ட்டின் விலையும் வந்து சேரும். ஒரு கட்டமும் காலியாக இராது. ஓர் எண்ணும் எண்ணல்லாததாக இராது. மென்பொருள் மகிழ்ச்சியோடு ‘வெற்றிகரமாக ஏற்றப்பட்டது’ என்று சொல்லும்.

பெரிய அமைப்புகளுக்கே இந்த ஓசையற்ற பிழை நேர்ந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா தொற்றாளர்களை அன்றாடக் கணக்கில் சேர்க்கத் தவறியது. ஆய்வுக்கூடங்களின் தகவல்களைப் பழைய வடிவ எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. மிகுந்தவை சத்தமின்றி உதிர்ந்தன. கோப்பு ஏறிவிட்டது என்பதும் தகவல் முழுமையாகச் சேர்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வரி நெடுவரிசையின் பொறுப்பு

விலை நெடுவரிசைக்கு அடுத்து நிற்கும் வரி நெடுவரிசையைப் பலர் மென்பொருள் விற்பவரின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. 2017 நவம்பர் 15 முதல் பெரும்பாலான தனி உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். உள்ளீட்டு வரி வரவு கிடையாது. தொகுப்பு வரித் திட்டத்தைத் தேர்ந்தவர்கள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கவே கூடாது. மதுபானம் ஜிஎஸ்டிக்குள் வருவதில்லை. அதற்கு மாநில வரி. ஒரே உணவகத்தின் ஒரே விரிதாளில் இந்த வேறுபாடுகள் எல்லாம் சரியாக அமைய வேண்டும்.

வரி நெடுவரிசை காலியாக ஏறினால் வாடிக்கையாளரிடம் வரி வசூலாகாது. ஆனால் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரி குறையாது. அது உரிமையாளரின் இலாபத்திலிருந்து போகும். இதற்கு எதிரான பிழையும் உண்டு. உணவு விநியோகத் தளங்களின் வழியாக விற்கும் உணவுக்கு 2022 ஜனவரி 1 முதல் அந்தத் தளங்களே ஜிஎஸ்டியை வசூலித்துச் செலுத்துகின்றன. கடையில் வரி உள்ளடங்கிய விலையை வைத்திருப்பவர் அதே விரிதாளை அப்படியே தளத்திலும் ஏற்றினால், வாடிக்கையாளர் வரியின் மேல் வரி கட்டுவார். ஒருவர் அதைக் கவனித்து விமர்சனம் எழுதினால், அந்தப் பழி கடையின் பெயரில்தான் விழும்.

சைவ, அசைவ நெடுவரிசை இன்னும் நுட்பமானது. மேல் கட்டத்தில் இருந்த ‘சைவம்’ என்ற சொல்லைக் கைதவறி நான்கு கட்டம் அதிகமாக இழுத்துவிட்டால், முட்டைக் குழம்புக்குப் பச்சைப் புள்ளி வந்துவிடும். விலைப் பிழையால் போன பணத்தைத் திருப்பித் தரலாம். ஒருவருடைய நெறியைக் குலைத்ததை எதைக் கொண்டு திருப்புவது?

இழப்பைச் சுமப்பவர் யார்?

இதுவரை சொன்னவை தொழில்நுட்பம். என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது வேறொன்று.

மும்பைப் புறநகர் ஒன்றில் நான் சிறுதொழில் கடன் பிரிவில் பணியாற்றியபோது, ஓர் உணவக உரிமையாளர் இரண்டாவது கிளைக்குக் கடன் கேட்டு வந்தார். நேர்மையானவர், கடும் உழைப்பாளி. அவருடைய பில்லிங் மென்பொருளின் விற்பனை அறிக்கையையும், ரொக்கமும் யுபிஐயுமாக வங்கியில் வந்த வரவையும் ஒப்பிட்டோம். ஒரு குறிப்பிட்ட தேதிவரை இரண்டும் நெருக்கமாகவே இருந்தன. அதன்பின் நாள்தோறும் சில நூறு ரூபாய் குறைந்தது. காரணம் கேட்டபோது, ‘கல்லாவில் இருக்கும் பையன் கை வைக்கிறான் சார். சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றார்.

அந்தத் தேதி எது என்று பார்த்தால், புதிய விலைகளை விரிதாள் வழியாக ஏற்றிய மறுநாள். ஏற்றிய கோப்பைத் திறந்து பார்த்தபோது, பதினொரு பதார்த்தங்களுக்கு அரை அளவின் விலை முழு அளவின் விலையாகவே இருந்தது. அச்சிட்ட விலை அட்டையோ சரியாக இருந்தது. அரை அளவு வாங்கிய வாடிக்கையாளர்கள் ரசீதைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். காசாளர் அட்டையைப் பார்த்து, கேட்டவர்களுக்கு எல்லாம் அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ரசீதை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்குத் தரப்படவில்லை. ஆகவே இயந்திரத்தின் கணக்கில் விற்பனை கூடுதலாகவும், கல்லாவில் பணம் குறைவாகவும் நின்றது. வாடிக்கையாளருக்கு நியாயம் செய்தவர் கடையில் திருடனாகியிருந்தார். உரிமையாளர் பிடித்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்பதை அவருடைய பெருமைக்காகச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு பொதுவிதி இருப்பதாக நான் கருதுகிறேன். இயந்திரத்தில் விலை அதிகமாக ஏறினால், அந்தப் பிழை கல்லாவில் இருப்பவரின் தலையில் விழும். விலை குறைவாக ஏறினால், இயந்திரமும் கல்லாவும் ஒத்துப்போவதால் யார் கண்ணுக்கும் படாது. 60 ரூபாய் மசால் தோசை 50 ரூபாய் என்று ஏறி, நாளொன்றுக்கு 150 தோசை விற்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 45,000 ரூபாய் இழப்பு. குறைந்த விலையைப் பற்றி எந்த வாடிக்கையாளரும் புகார் செய்யமாட்டார்.

சம்பளத்தில் பிடிப்பதைப் பற்றிச் சட்டத்தின் நிலையையும் கூற வேண்டும். ஒரு தொழிலாளியின் பொறுப்பில் உள்ள பணம் குறைந்தால், அது அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக நேர்ந்திருந்தால் மட்டுமே, அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பின்பே, ஊதியத்தில் பிடிக்க இடமுண்டு. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் வகுத்த இந்த நெறியை, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் தொடர்கிறது. விளக்கம் கேட்பது ஒரு சடங்கு அன்று. மேற்சொன்ன உணவகத்தில் ‘ஏன் குறைகிறது?’ என்று கல்லாவில் இருந்தவரை அமர்த்திப் பொறுமையாகக் கேட்டிருந்தால், அந்தப் பிழை முதல் வாரத்திலேயே வெளிப்பட்டிருக்கும்.

வங்கியில் நாங்கள் செய்வது

வங்கியில் எந்தப் பதிவையும் ஒருவர் செய்வார்; மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார். ‘மேக்கர்’, ‘செக்கர்’ என்று வழக்கில் சொல்வோம். இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியாது. இது யார்மீதும் ஐயம் கொண்டு வைத்த முறை அன்று. தன் எழுத்தில் உள்ள பிழை தன் கண்ணுக்குப் படாது என்பது மனித இயல்பு. அதற்கான ஏற்பாடு இது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் சம்பளத்தை மொத்தமாகச் செலுத்த எங்களிடம் தரும் கோப்புகளிலும் இதே தொல்லைகள்தாம். கணக்கு எண்ணின் முன் உள்ள பூச்சியம் காணாமற்போகும். ஐஎஃப்எஸ்சி குறியின் ஐந்தாம் இடத்தில் இருக்க வேண்டிய பூச்சியத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து இருக்கும். அதனால்தான் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்பதைத் தனியாக எழுதி வாங்குகிறோம்.

உணவக உரிமையாளர்களும் இதைத் தங்கள் அளவுக்குச் சுருக்கிக் கடைப்பிடிக்கலாம். புதிய கோப்பை ஏற்றும் முன்பு, மென்பொருளில் இப்போது உள்ள பட்டியலை முழுவதுமாக இறக்கி, தேதியிட்டுத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பிழை நேர்ந்தால் திரும்பிச் செல்ல அதுவே வழி. இறக்கிய பட்டியலில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஓர் அடையாள எண் இருந்தால் அதை நீக்காதீர்கள். நீக்கினால் பல மென்பொருள்கள் பழைய பதார்த்தங்களைப் புதியவையாகக் கருதி இரண்டாம் முறை சேர்த்துவிடும். பழைய விற்பனை வரலாறும் துண்டாகிவிடும். அளவு, குறுங்குறி, பட்டைக் குறியீடு ஆகிய நெடுவரிசைகளை, தட்டச்சு செய்யும் முன்பே ‘உரை’ வடிவத்துக்கு மாற்றுங்கள். 1/2 என்பதற்குப் பதில் ‘அரை’ என்றே எழுதிவிடுவது அதனினும் நன்று.

அடுத்து, பழைய விலையையும் புதிய விலையையும் அருகருகே வைத்து, உயர்வு எத்தனை சதவீதம் என்று ஒரு நெடுவரிசை போடுங்கள். 8 சதவீதம் உயர்த்த முடிவு செய்திருந்தால், 40 சதவீதம் உயர்ந்ததும், உயராமல் இறங்கியதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விலைகளின் மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும் ஒப்பிடுவது போதாது. விலைகள் தமக்குள் இடம் மாறியிருந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. கோப்பைத் தயாரித்தவர் அல்லாத ஒருவர் இதைப் பார்க்க வேண்டும். அவர் கல்லாவில் இருப்பவராகவே இருப்பது சிறப்பு. எந்தப் பதார்த்தம் என்ன விலை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

கடைசியாக, மதிய நெரிசலில் ஏற்றாதீர்கள். இரவு கடை அடைத்த பிறகு ஏற்றி, அரை அளவில் ஒன்று, பார்சலில் ஒன்று, விநியோகத் தளத்தில் ஒன்று என்று சில மாதிரி ரசீதுகள் போட்டுப் பாருங்கள். ஏற்றிய கோப்பின் அச்சுப் பிரதியில் தயாரித்தவரும் பார்த்தவரும் கையொப்பமிட்டு, அதைக் கணக்குப் புத்தகம் இருக்கும் அலமாரியிலேயே வையுங்கள்.

சில மறுப்புகள்

இருபது பதார்த்தம் விற்கும் சிறு மெஸ்ஸுக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்கலாம். தேவையில்லை. இருபது விலையைக் கையாலேயே பதியலாம். உரிமையாளரே கல்லாவில் இருக்கும் கடையில் அவரே சரிபார்ப்பவர். நான் பேசுவது, பட்டியல் நினைவில் அடங்காத அளவுக்கு வளர்ந்த, கல்லாவில் வேறொருவர் அமர்ந்துள்ள கடைகளைப் பற்றி.

விலை அட்டையைப் படம் எடுத்தால் தானே படித்துக் கோப்பாக்கும் செயலிகள் வந்துவிட்டன என்பர் சிலர். தட்டச்சு செய்யும் உழைப்பை அவை குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் சரிபார்க்கும் கடமையை அவை நீக்குவதில்லை. படத்தில் 8-ஐ 3 என்று படித்தாலும் இயந்திரத்துக்கு அது ஒரு விலைதான். மென்பொருள் நிறுவனமே ஏற்றித் தருகிறது என்போருக்கும் இதே விடை. அவர்கள் ஏற்றலாம், உங்கள் சமையலின் விலை உங்களுக்கே தெரியும்.

இத்தனை ஆபத்து இருக்கும்போது ஒவ்வொன்றாகவே பதியலாமே என்பதும் ஒரு வாதம். நான் அதை ஏற்கவில்லை. திரையில் ஒவ்வொன்றாகச் செய்த திருத்தங்களை ஒருசேரப் பார்க்க முடியாது. விரிதாளில் முழுப் பட்டியலும் ஒரே இடத்தில் இருக்கிறது. பழையதோடு ஒப்பிடலாம், பாதுகாக்கலாம், பிறருக்குக் காட்டலாம். மொத்தமாக ஏற்றுவதன் உண்மையான நன்மை வேகத்தைவிட இந்தச் சரிபார்ப்பு வசதியில்தான் இருக்கிறது. வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சரிபார்ப்பை விட்டுவிடுவதால்தான் கேடு வருகிறது.

கடனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

சிறுதொழில்களுக்கு 5 கோடி ரூபாய் வரையிலான நடைமுறை மூலதனத்தை, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் என்று கணக்கிடும் முறை வங்கிகளில் உண்டு. அந்த எதிர்பார்ப்பு நம்பத்தக்கதா என்பதை, கடந்த கால விற்பனை, ஜிஎஸ்டி படிவங்கள், வங்கி வரவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே முடிவு செய்கிறோம். மூன்றும் ஒத்துப்போனால் விண்ணப்பம் விரைவாக நகரும். ஒத்துப்போகாதபோது, விற்பனையை மறைக்கிறாரோ, மிகைப்படுத்துகிறாரோ என்ற கேள்வி எழுவது இயல்பு. தவறாக ஏறிய ஒரு விலைக் கோப்பு, நேர்மையான ஒருவரை இந்தக் கேள்விக்கு ஆளாக்கிவிடுகிறது.

எண்ணெய் விலையும் எரிவாயு விலையும் மாறும்போதெல்லாம் உங்கள் பட்டியலும் மாறத்தான் செய்யும். அடுத்த முறை புதிய விலைகளை ஏற்றும்போது, வாடிக்கையாளர்களாகிய உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே: சொடுக்கும் முன்பு கல்லாவில் இருப்பவரை அழைத்து, அந்தத் தாளை அவர் கையில் கொடுத்து, கால் மணி நேரம் படிக்கச் சொல்லுங்கள். தம் பொறுப்பில் உள்ள பணத்தின் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதைக் காணும் உரிமை அவருக்கு உண்டு.